பாம்பு பெண்ணான கதை: ‘பச்சைப் பாம்பு’ திரைப்படத்தை முன்வைத்து

இவ்வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ‘கவிதையில் விலங்குக் குறியீடுகள்’ என்னும் பொருளில் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். பொருள் பெரிது. ஆகவே ஒரேயொரு விலங்கை, அதுவும் ஒரேயொரு சீனத் திரைப்படத்தில் வரும் விலங்கை மட்டும் எடுத்துக்கொள்ள இசைவு கேட்டேன். பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள்.

இப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அண்மையில் ஒரு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். குறியீடு என்றால் என்ன, எடுத்துக்காட்டுடன் விளக்குக என்பது வினா. பத்துப் பன்னிரண்டு தாள்களைத் தாண்டியதும் ஒன்று தெரிந்தது. எல்லாரும் ஒரே தொடரை எழுதியிருந்தார்கள்: பாம்பு காமத்தின் குறியீடு. எழுத்துப் பிழைகூட ஒன்றாகவே இருந்தது. அந்தத் தொடரை அவர்களுக்குச் சொல்லி எழுதவைத்தவள் நான்தான். ஆண்டுதோறும் அதே குறிப்பேட்டிலிருந்து அதே தொடரை வாசித்து வந்திருக்கிறேன். அத்தொடர் பொய் என்று அன்று எனக்குப் படவில்லை. அதில் பாம்பு இல்லை என்று பட்டது. ஈரம் இல்லை, ஊர்தல் இல்லை, சட்டை உரித்தல் இல்லை. பாம்பு என்னும் சொல்லும் காமம் என்னும் சொல்லும் மட்டும் கணக்குப் புத்தகத்தின் இருபக்கமும்போல எதிரெதிரே இருந்தன. அந்த வாரத்தில்தான் ‘பச்சைப் பாம்பு’ என்னும் படத்தை இரண்டாம் முறை பார்க்க நேர்ந்தது.

சீனத்தில் ‘சிங் ஷெ’ எனப்படும் இப்படம் 1993-இல் ஹாங்காங்கில் வெளிவந்தது. இயக்கியவர் சூய் ஹார்க். லிலியன் லீ என்று அறியப்படும் லீ பிக்-வா 1986-இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவல் இதற்கு மூலம். அதே 1993-இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருதைப் பகிர்ந்துகொண்ட ‘ஃபேர்வெல் மை கான்குபைன்’ படத்தின் மூலநாவலும் இவ்வம்மையார் எழுதியதே. பழங்கதை ஒன்றை எடுத்து, அதுவரை ஓரத்தில் நின்றவரை நடுவில் நிறுத்துவது இவருக்குக் கைவந்த கலை.

பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனர் வீட்டுக் குழந்தைகள் அனைவரும் அறிந்த கதை இது. ஹாங்சோ நகரின் மேற்கேரியில் ஆயிரமாண்டு தவம் செய்த வெண்பாம்பு ஒன்று பெண்ணுருக் கொள்கிறது. பெயர் பாய் சுஜென். அவளோடு பச்சைப் பாம்பாகிய சியாவ்சிங், பணிப்பெண்ணாக வருகிறாள். ஏரியின் முறிந்த பாலத்தருகே மழை பெய்கிறது. ஷூ சியான் என்னும் இளைஞன் குடையை இரவல் தருகிறான். காதல், மணம், மருந்துக்கடை என்று வாழ்வு நடக்கிறது. ஃபாஹாய் என்னும் பௌத்தத் துறவி அவளைப் பாம்பென்று அறிந்து கணவனை எச்சரிக்கிறார். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், டிராகன் படகுத் திருநாளன்று, கணவன் தரும் மனோசிலை கலந்த மதுவை அவள் பருகுகிறாள், தன்னுரு வெளிப்படுகிறது. அவன் அஞ்சி மாய்கிறான். அவள் உயிரைப் பணயம் வைத்து லிங்ஜி என்னும் மருந்துக் காளானைக் கொணர்ந்து அவனை எழுப்புகிறாள். துறவி அவனை ஜின்ஷான் கோயிலில் அடைத்துவைக்க, அவள் வெள்ளத்தை எழுப்பிக் கோயிலைச் சூழ்கிறாள். தோற்கிறாள். லெய்ஃபெங் கோபுரத்தின் கீழ்ச் சிறைவைக்கப்படுகிறாள்.

இக்கதை எப்போதும் இப்படி இருந்ததன்று. அது வளர்ந்த வரலாறுதான் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுகிறது. சற்று நின்று பார்க்கலாம்.

தாங் காலத்துக் கதையொன்று உண்டு. லீ ஹுவாங் என்பவன் வெள்ளாடை உடுத்த ஒருத்தியைச் சந்தித்து அவள் வீட்டில் மூன்று நாள் தங்குகிறான். வீடு திரும்பும்போது அவன்மேல் பாம்பின் நாற்றம் வீசுகிறது. தலை கனக்கிறது. போர்வைக்குள் படுத்தவனின் உடல் கரைந்து நீராகிப் போகிறது. தலை மட்டுமே எஞ்சுகிறது. வீட்டார் சென்று தேடினால் மாளிகை இருந்த இடத்தில் பாழ்பட்ட தோட்டமும் ஒரு மரமும் இருக்கின்றன. அம்மரத்தடியில் பெரியதொரு வெண்பாம்பு கிடப்பதுண்டு என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். இங்கே காதல் இல்லை, பெயர்கூட இல்லை. அழகுக்கு அஞ்சுக என்பது மட்டுமே கதை.

அடுத்த நிலை ‘மேற்கேரியின் மூன்று கோபுரங்கள்’ என்னும் கதை. அங்கே மூன்று பேய்கள்: ஒன்று வெண்பாம்பு, ஒன்று நீர்நாய், ஒன்று கருங்கோழி. மூன்றையும் தாவோ சமயத்தார் ஒருவர் பிடித்து, ஏரியில் மூன்று கோபுரங்களின் கீழ் அடைக்கிறார். கதைக்கு இப்போது ஊர் கிடைத்துவிட்டது, ஏரி கிடைத்துவிட்டது, சிறையும் கிடைத்துவிட்டது.

1624-இல் ஃபெங் மெங்லோங் தம் கதைத் தொகுப்பில் எழுதிய வடிவமே பிற்காலத்தார்க்கு அடிப்படையாயிற்று. அத்தொகுப்பின் பெயரே உலகை எச்சரிக்கும் கதைகள் என்று பொருள்படுவது. அங்கே கணவன் பெயர் ஷூ சுவான். மனைவி தரும் வெள்ளியும் உடையும் திருட்டுப் பொருள்களாகிப் போக, அவன் ஊர்ஊராக நாடுகடத்தப்படுகிறான். இறுதியில் துறவி தந்த திருவோட்டை அவள் தலைமேல் கவிழ்த்து அழுத்துபவன் அந்தக் கணவனே. பிறகு அவனே தெருத்தெருவாகப் பொருள் இரந்து, ஓட்டின்மேல் ஏழு நிலைக் கோபுரத்தைக் கட்டி முடிக்கிறான். மனைவியின் சிறைக்குச் செங்கல் பிச்சையெடுத்த கணவன்! நம் காலத்துக் கதையாசிரியர் எவரும் இதைவிடக் கொடியதொரு முடிவை எழுதிவிட முடியாது. ஃபெங் அதைக் கொடியது என்று கருதி எழுதியதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. ஃபெங் எழுதிய கதையில் தோழி பாம்பே அன்று. அவள் ஒரு பச்சை மீன். ஏரியில் ஆயிரமாண்டு வாழ்ந்த மீன், துணையின்றிக் கிடந்த வெண்பாம்போடு சேர்ந்துகொண்டது, அவ்வளவே. மீன் எப்போது பாம்பாயிற்று என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல இயலாது. மேடைதான் அவளைப் பாம்பாக்கியது. ஓர் அன்பு இருவருக்கிடையே வளர வளர, அவ்விருவரும் ஓரினமாகிவிட வேண்டும் என்று கேட்பவர் மனம் விரும்பியது போலும். சிச்சுவான் இசைநாடகத்திலோ பச்சைப் பாம்பு முதலில் ஆண். வெண்பாம்பை மணக்க விரும்பிப் பொருது தோற்று, பெண்ணுருவில் பணிசெய்ய ஒப்புக்கொண்டவன். ஒரே பாத்திரத்தை ஆணும் பெண்ணுமாக மாறிமாறி நடிப்பார்கள்.

மேடை செய்த மாற்றங்களில் பெரியது இதன்று. 1738-இல் ஹுவாங் துபி எழுதிய நாடகம் பாம்பைச் சிறைவைத்து முடிந்தது. நடிகர் சென் ஜியாயானும் அவர் மகளும் அதனோடு புதுக்காட்சிகளைச் சேர்த்தார்கள். வெண்பாம்பு ஒரு மகனைப் பெறுகிறாள். அவன் அரசுத் தேர்வில் முதல்வனாகத் தேறி வந்து, தாய் சிறைப்பட்ட கோபுரத்தின் முன் வணங்குகிறான். பாம்புக்குப் பிறந்தவன் முதல்வனாகத் தேறுவதா என்று மூல ஆசிரியர் முகம் சுளித்தார். மக்கள் அவரைக் கேட்கவில்லை. 1771-இல் ஃபாங் செங்பெய் செப்பஞ்செய்த நாடகத்திலும் மகன் இருந்தான். நாடகத்தின் உரிமை எழுதியவரிடமிருந்து நழுவி, அழுதவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மகள் எந்தக் காட்சியைச் சேர்க்கச் சொன்னாள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. பிரசவக் காட்சி அவளுடையது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். சான்று கேட்காதீர்கள்.

கோபுரம் உண்மையானது. 975-ஆம் ஆண்டை ஒட்டி, வூயுவே நாட்டரசர் சியென் சூ கட்டியது. அதன் செங்கல் தீமையை விலக்கும், பட்டுப்புழுவைக் காக்கும் என்று நம்பி மக்கள் அடியிலிருந்து பெயர்த்துப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 1924 செப்டம்பர் 25-ஆம் நாள் கோபுரம் சரிந்து விழுந்தது. அதையொட்டி லூ ஷுன் ஒரு கட்டுரை எழுதினார். சிறுவயதில் பாட்டியிடம் இக்கதையைக் கேட்டதுமுதல், இக்கோபுரம் விழவேண்டும் என்பதே தம் விருப்பமாக இருந்தது என்று அதில் சொல்கிறார். பிறர் குடும்பத்தில் தலையிட்ட துறவியின்மேல் விண்ணரசன் சினங்கொள்ள, அவர் தப்பியோடி ஒரு நண்டின் ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டார் என்பது அப்பகுதி மக்கள் வழக்கு. நண்டைத் தின்று உள்ளோட்டைத் திருப்பிப் பார்த்தால், அமர்ந்திருக்கும் துறவியின் உருவம் தெரியுமாம். லூ ஷுன் இதைச் சிரிக்காமல் எழுதுகிறார். பாம்பை அடைத்தவர் நண்டுக்குள் அடைபட்டார். நாட்டார் வழங்கும் தீர்ப்பு இப்படித்தான் சமையலறைவரை வந்து நிற்கும்.

1950-களில் தியான் ஹான் இதனைப் பீகிங் இசைநாடகமாக அமைத்தார். இன்றும் சீன நாட்டின் பண்ணாக ஒலிக்கும் பாடலை எழுதியவர் அவர். அவருடைய நாடகத்தில் பச்சைப் பாம்பு நெடுங்காலம் தவமிருந்து வலிமை பெற்றுத் திரும்பி வந்து, கோபுரத்தைத் தகர்த்துத் தமக்கையை மீட்கிறாள். மீனாக வந்தவள் இப்போது மீட்பராக நிற்கிறாள். அவரைத் தாம் மீட்பார் எவரும் இல்லை. பண்பாட்டுப் புரட்சியில் துன்புறுத்தப்பட்டு 1968-இல் சிறைப்பட்ட நிலையில் இறந்தார்.

இனி, பாம்பு சீனர்க்கு என்ன என்று கேட்க வேண்டும். விடை ஒன்றன்று. மண்ணைப் பிசைந்து மனிதரைப் படைத்த நூவா அன்னைக்கு இடைக்குக் கீழே பாம்புடல். ஹான் காலத்துக் கல்லறைச் சிற்பங்களில் அவளும் ஃபூசியும் வால் பின்னிக் கிடப்பதைக் காணலாம். மனிதர்க்குத் தாய் பாம்பு என்பது ஒரு முனை. டிராகன் படகுத் திருநாளில் விரட்டப்படும் ஐந்து நச்சுயிர்களுள் பாம்பும் ஒன்று என்பது மறுமுனை. அன்று வாசலில் மாசிபத்திரி இனத்துத் தழையையும் வசம்பையும் கட்டுவார்கள். மனோசிலையை மதுவில் கலந்து சிறுவர் நெற்றியில் பூசுவார்கள். நம் சித்த மருத்துவர்கள் மனோசிலை என்று சொல்லும் அதே செந்நிறப் பாடாணம்தான் அது.

இவ்விரண்டு முனைகளுக்கும் இடையே பௌத்தம் வந்து சேர்ந்தது. வடமொழி நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் ‘நாகம்’ என்னும் சொல்லுக்கு ‘லோங்’, அதாவது டிராகன், என்னும் சொல்லைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவின் அரச நாகங்கள் எல்லாம் சீனத்தில் டிராகன்களாயின. பாம்புக்குரிய பெருமை முழுவதும் மேலே போய்விட்டது. கீழே தரையில் எஞ்சியது வெறும் பாம்பு, ஊர்வது, நச்சுடையது. மக்கள் அதனைக் குட்டி டிராகன் என்று செல்லமாகச் சொல்வதுண்டு. இழந்ததைச் சிறிதளவு திருப்பிக் கொடுப்பது போல. இக்கதையில் வரும் துறவிக்குப் பாம்பின்மேல் உள்ள கடுமையை நான் இந்தப் பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்கிறேன். புத்தரை மழையிலிருந்து படம் விரித்துக் காத்த முசலிந்தன் அவர் கண்ணுக்கு டிராகன். ஏரியில் கிடப்பதோ பேய்.

இவ்விடத்தில் நம் மணிமேகலை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. நாகநாட்டு இளவரசி பீலிவளை சோழ மன்னனோடு புகார்ச் சோலையில் ஒரு திங்கள் கூடியிருந்து, சொல்லாமல் மறைகிறாள். அவள் பெற்ற மகனின் பொருட்டு விழா மறக்கப்பட, கடல் நகரைக் கொள்கிறது. நாக மகள், குழந்தை, வெள்ளம் என்று மூன்றும் அங்கும் உள. ஆயினும் ஒப்புமையைத் தொடர்பு என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடையே சற்று மிகுதி. நான் அதைச் செய்யப்போவதில்லை. இரண்டும் பௌத்தம் உலவிய கரைகள். அதற்குமேல் சொல்ல என்னிடம் சான்றில்லை.

படத்துக்கு வருவோம். லிலியன் லீயின் நாவலில் கதையைச் சொல்பவளே பச்சைப் பாம்புதான். தங்கள் கதையை ஃபெங் மெங்லோங் தவறாக எழுதிவைத்தார் என்று அவளுக்குக் குறை. நாவல் பண்பாட்டுப் புரட்சிவரை நீண்டு, செங்காவலர் கோபுரத்தை இடிப்பதாகச் செல்கிறது. படம் அந்தப் பிற்பகுதியை விட்டுவிட்டது. பார்வையை மட்டும் வைத்துக்கொண்டது. வெண்பாம்பாக ஜோயி வோங், பச்சைப் பாம்பாக மேகி சியுங், துறவியாகச் சாவ் வென்சுவோ நடித்திருக்கிறார்கள். இளைஞன் ஷூ சியானாக நடித்த ஊ சிங்-குவோ தைவானில் பீகிங் இசைநாடகத்தில் பயின்றவர். இங்கே அவன் மருந்துக்கடைக்காரன் அல்லன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் படிப்பாளி. எல்லாம் படித்தவன், எதையும் அறியாதவன். ஆசிரியத் தொழில் செய்வோர்க்குச் சற்று உறுத்தக்கூடிய மாற்றம்.

தொடக்கப் பகுதியில் ஒரு காட்சி. காட்டில் மழை பெய்கிறது. ஒரு பெண் பிரசவ வேதனையில் கிடக்கிறாள். மேலே மூங்கிலுக்கிடையே இரு பெரும் பாம்புகள் தம் உடலைக் கூரையாக்கி அவளை நனையாமல் காக்கின்றன. துறவி இதைக் காண்கிறார், பாம்புகளை விட்டுவிடுகிறார். ஆயினும் அவர் கண்ட அப்பெண்ணின் உடல் அவர் தவத்தில் ஒரு கீறலாக விழுந்துவிடுகிறது. இதற்குச் சற்று முன்தான், முதிய துறவியின் வடிவில் இருநூறு ஆண்டு நோற்றுவந்த சிலந்தி ஒன்றை, நீ மனிதன் அல்லை என்று சொல்லிப் பிடித்து அடைத்திருந்தார். அதன்பின் அந்தச் சிலந்தியின் நினைவும் அவரை விடுவதில்லை. படம் இவரைக் கொடியவராகக் காட்டவில்லை. ஒழுங்கை நம்புகிறவராகக் காட்டுகிறது. மனிதர், விலங்கு, பேய் என்று அவரிடமும் ஓர் அட்டவணை இருக்கிறது. என் குறிப்பேட்டைப்போல.

மழையில் காத்த பாம்பு என்றதும் முசலிந்தனை எண்ணாதிருக்க முடியுமா? இயக்குநர் எண்ணினாரோ இல்லையோ, பௌத்தத் துறவியொருவர் கண்முன்னே அக்காட்சியை வைத்திருக்கிறார். காக்கப்படுபவர் மட்டும் புத்தர் அல்லர், பெயர் தெரியாத ஒரு தாய்.

அடுத்து நடனக் காட்சி. செல்வர்கள் களிக்கும் ஒரு மாளிகையில் ஆடல் நடக்கிறது. ஆடுபவர்கள் இந்திய நடனப் பெண்கள். இசையும் இந்தியச் சாயல் கொண்டது. ஓட்டுக்கூரையிலிருந்து பச்சைப் பாம்பு நழுவி அவர்கள் நடுவே விழுந்து தானும் ஆடுகிறாள். அங்கே ஒலிக்கும் பாடலின் பெயர் ‘மோஹூலுவோஜியா’. நம் காதுக்கு அந்நியமாகத் தோன்றும் இச்சொல் ‘மகோரகம்’ என்பதன் சீன ஒலிபெயர்ப்பு. பௌத்தம் சொல்லும் எண்வகைக் காவற்கணங்களுள் ஒன்று மகோரகர். உரகம் என்றால் மார்பால் ஊர்வது. தமிழிலும் அச்சொல்லைப் பாம்புக்கு வழங்கியிருக்கிறோம். நாகம் டிராகனாக உயர்ந்தபோது மொழிபெயர்ப்பாளர் பெயர்க்காமல் ஒலியாகவே விட்டுவிட்ட சொல் இது. உயர்த்தப்படாமல் எஞ்சிய பாம்பின் பெயர். அதைத் தேடியெடுத்து, தரையில் விழுந்து ஊர்பவளின் முதல் ஆட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். இதை உணர்ந்தபோது எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. கவிஞர்களுக்கு அது புரியும்.

பிறகு நடக்கக் கற்றுக்கொள்ளும் காட்சிகள். ஆயிரம் ஆண்டு தவம் செய்த மூத்தவளுக்குக் காலும் இடையும் இயல்பாகிவிட்டன. ஐந்நூறு ஆண்டே ஆன இளையவளுக்குக் கால் என்பது ஒரு தொல்லை. அசைந்து அசைந்து, மிகையாக, தரைக்கு ஏங்குபவள்போல நடக்கிறாள். சற்று அயர்ந்தால் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறாள், வால் வெளிப்பட்டுவிடுகிறது. மேகி சியுங்கின் நடிப்பில் இங்கே நகைச்சுவை உண்டு, ஆனால் பெரிய உண்மை ஒன்றும் உண்டு. பெண்போல் நடப்பது என்பதைப் பெண்ணும் ஒருநாள் கற்றுக்கொண்டுதான் நடந்தாள். அவள் கற்றதை மறந்துவிட்டாள். பாம்பு இன்னும் மறக்கவில்லை. கண்ணீரும் அப்படியே. மூத்தவளுக்குக் கண்ணீர் வருகிறது. இளையவளுக்கு வருவதில்லை. அது எப்படி வருகிறது, எதற்கு வருகிறது என்று அவளுக்கு விளங்குவதில்லை. மனிதராவதற்கு அதுதான் கட்டணம் போலும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

துறவியும் அவளும் நீருக்குள் எதிர்ப்படும் காட்சியைப் பற்றி இரண்டொரு சொல் சொல்ல வேண்டும். தம் தவம் கலையாது என்று காட்ட விரும்பும் அவர், தம்மைச் சோதிக்குமாறு அவளிடமே கேட்கிறார். அவள் சோதிக்கிறாள். அவர் தோற்கிறார். தோற்றதும் பந்தயத்தை மறந்து அவளைத் தண்டிக்கப் புகுகிறார். பாம்பு காமத்தின் குறியீடு என்னும் என் பழைய தொடர் இக்காட்சிக்கு அப்படியே பொருந்தும் என்று நினைப்பீர்கள். எனக்கும் முதன்முறை அப்படித்தான் தோன்றியது. ஆனால் உற்றுப் பார்த்தால் காமம் அவளிடத்தில் இல்லை. அவளிடம் இருப்பது ஒருவகை விளையாட்டுக் குறும்பும், அறியும் ஆவலும். காமம் கண்மூடி அமர்ந்திருப்பவரிடத்தில் இருக்கிறது. அவர் அதைத் தம்மிடமிருந்து எடுத்து அவள்மேல் வைத்து, அதற்குப் பாம்பு என்று பெயரிடுகிறார். ஒரு குறியீடு எப்படிப் பிறக்கிறது என்பதை நம் கண்முன்னே செய்து காட்டும் காட்சி இது. நமக்குச் சுமக்க இயலாததை ஒரு விலங்கின் முதுகில் ஏற்றிவிட்டு, பிறகு சுமையின் பெயரால் விலங்கை அழைக்கிறோம்.

மேடை நாடகத்தில் ‘முறிந்த பாலம்’ புகழ்பெற்ற காட்சி. கோயிலிலிருந்து தப்பி வரும் கணவனை மீண்டும் அதே பாலத்தில் காண்கிறார்கள். துறவியின் சொல்லை நம்பித் தமக்கையைக் கைவிட்டவன் அவன். பச்சைப் பாம்பு வாளை உருவுகிறாள். நிறைசூலியான வெண்பாம்பு இடையே நின்று தடுக்கிறாள். பிறகு அழுகை, குறைகூறல், மன்னிப்பு. தலைமுறை தலைமுறையாக அந்த வாள் உருவப்படுகிறது, ஒருமுறையும் இறங்கியதில்லை. தோழியின் சினம் தலைவியின் அன்பைக் காட்டுவதற்கான பின்புலமாகவே இருந்து வந்தது. தோழி என்னும் பாத்திரத்தை நன்கறிந்த நமக்கு இது புதிதன்று. அவள் பேசுவாள், இடித்துரைப்பாள், வாயில் மறுப்பாள். அவளுக்கென்று ஒரு முடிவு மட்டும் இராது.

சூய் ஹார்க்கின் படத்தில் அந்த வாள் இறங்குகிறது. வெள்ளம் பெருகி, அதனிடையே வெண்பாம்பு குழந்தையைப் பெறுகிறாள். பிறந்தது மனிதக் குழந்தை. துறவி அதைக் கையில் ஏந்தி நிற்கிறார். அவருடைய அட்டவணை அந்தக் கணத்தில் கிழிகிறது. தாய் மாய்கிறாள். தலை மழிக்கப்பட்டு நிற்கும் ஷூ சியானைப் பச்சைப் பாம்பு குத்திக் கொல்கிறாள். தமக்கை போனவிடத்துக்கு அவனும் போகட்டும் என்பதாக அக்கொலை இருக்கிறது. பழிவாங்கலா, இரக்கமா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அப்போதுதான் அவள் கண்ணில் நீர் வருகிறது. மனிதர் சொல்லும் அன்பு என்பது என்னவென்று மனிதருக்கே தெரியவில்லை. தெரிந்தபின் ஒருவேளை திரும்பி வருவேன் என்னும் பொருள்படத் துறவியிடம் சொல்லிவிட்டு நீருக்குள் போய்விடுகிறாள்.

முதன்முறை பார்த்தபோது இக்கொலை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கதையின் நெடுங்கால மன்னிப்பை ஒரு வீச்சில் துடைத்தெறிய இயக்குநருக்கு என்ன உரிமை என்று கேட்டேன். இரண்டாம் முறை வேறொன்று தெரிந்தது. எல்லா வடிவங்களிலும் பாம்பு மனிதராக விரும்புகிறது. ஆக முடியாததே அதன் துயரம். இங்கே இளையவள் கண்ணீரைப் பெற்றுவிட்டாள். மனிதராவதற்கு உரிய தகுதியைப் பெற்ற அந்தக் கணத்திலேயே அதை வேண்டாம் என்று மறுக்கிறாள். பாம்பாகத் திரும்புகிறாள். மனிதர்க்கு உவமையாக இருப்பதற்கென்று வரவழைக்கப்பட்ட விலங்கு, உவமையை விட்டு எழுந்து வெளியே போகிறது. நூவா அன்னைக்கும் பாம்புடல்தானே என்று எண்ணிக்கொண்டேன். படைத்தவளின் வடிவுக்குத்தான் அவள் திரும்பிப் போகிறாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பாம்பு வால் துணியும் இரப்பரும் கலந்ததென்று நன்றாகவே தெரிகிறது. வெள்ளக் காட்சிகள் அவசர வேலை. புகையும் வண்ணத் துகிலும் திகட்டும் அளவுக்கு உண்டு. வெளிவந்தபோது இப்படம் பெருவெற்றி பெறவில்லை. அதன் புகழ் பின்னர்ச் சேர்ந்தது. 1997-இல் ஹாங்காங் சீனத்திடம் கைமாறியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நகரில் எடுக்கப்பட்ட படங்களையெல்லாம் அந்த அச்சத்தின் உருவகமாகப் படிப்பது ஒரு வழக்கம். இதனையும் அவ்வாறு படிக்கலாம். துறவி யார், வெள்ளம் எது, இரு தமக்கை தங்கையர் எவ்வெந்த நிலம் என்று அட்டவணை போட்டுவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. அட்டவணைகளால் பட்டது போதும்.

கதை அத்துடன் ஓயவில்லை. 1958-இல் ஜப்பானியர் தம் முதல் வண்ண முழுநீள அசைவூட்டப் படத்துக்கு இக்கதையையே எடுத்தார்கள். 2019-இலும் 2021-இலும் சீனத்தில் வந்த இரு அசைவூட்டப் படங்களுள் இரண்டாவது பச்சைப் பாம்பையே தலைவியாக்கியது. அதில் அவள் இக்காலத்துப் பெருநகரம் போன்ற ஒரு பாழுலகில் தமக்கையைத் தேடி அலைகிறாள். மீனாகத் தொடங்கியவளுக்கு இப்போது தனிக்கதையே கிடைத்துவிட்டது.

நம் வட்டத்துக் கவியரங்குகளிலும் பாம்புகள் வருகின்றன. பத்தாண்டுகளில் நானே பல கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் கூலிக்கு வந்தவைபோல வந்து, துரோகம் என்றோ ஆசை என்றோ ஒரு சுமையை இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. அவற்றைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. அந்தக் கூலியை நிர்ணயித்தவர்களுள் வகுப்பறையும் ஒன்று. இந்தப் பருவத்தில் குறியீடு பாடம் வந்தபோது குறிப்பேட்டை எடுத்துச்செல்லவில்லை. பாம்பைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன். வயல்வெளிக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, கிணற்றுமேட்டில் உரித்துப் போட்டிருந்த சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்ததைச் சொன்னாள். கண் இருந்த இடத்திலும் தோல் இருந்தது, கண்ணாடிபோல, என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. தேர்வுக்கு என்ன எழுதுவது என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்கு இன்னும் நான் விடை சொல்லவில்லை.

லெய்ஃபெங் கோபுரத்தைப் பற்றி ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. அதை மீண்டும் எழுப்ப முனைந்தபோது, 2001-இல் அடித்தளத்தைத் தோண்டினார்கள். நிலவறை ஒன்று இருந்தது. அதனுள் அசோகர் தூபி என்று பெயர் வழங்கும் வெள்ளிப் பேழை இருந்தது. புத்தர் சிலை ஒன்றும் இருந்தது. அச்சிலையின் தாமரைப் பீடத்தைத் தாங்கி நிற்பது ஒரு தூண். தூணைச் சுற்றியிருப்பது டிராகன். நாகம் என்று எழுதப்பட்டிருக்க வேண்டிய அதே டிராகன். வெண்பாம்பைக் காணவில்லை. 2002-இல் புதிய கோபுரம் திறக்கப்பட்டது. இன்று மேலே செல்ல மின்படிக்கட்டு உண்டு. உள்ளே சுவரில் வெண்பாம்பின் கதை முழுவதையும் மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குடையும் பாலமும் வெள்ளமும் கோபுரமும் அதில் இருக்கின்றன. மேலே நின்றால் ஏரி தெரியும்.